ஆரஞ்சுத் தோல் வாசனை

ஜம்புலிங்கத்துக்கு அன்று பீர் குடிக்க மனமில்லை. அவரைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். ஆனால் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் முழுக்க மெயின்லேண்டிலிருந்து தீவுக்கு வரும் கப்பல்கள் ஒன்று போக ஒன்று ஹேடோ ஜெட்டியில் வந்து நின்றன. கிரேனுக்குக் கீழே நின்று கை காட்டுவது அவர் வேலை. ஏற்று, இறக்கு, நிறுத்து. வெங்காய மூட்டைக்கும் சிமெண்ட்டுக்கும் யாரோ ஒருவரின் கல்யாணக் கட்டிலுக்கும் கை காட்டிக் காட்டித் தோள்பட்டை இரண்டும் கழன்று போயிருந்தன. கிடைத்த ஒரு நாள் லீவில் குப்புறப் படுத்துத் தூங்கலாம் என்றால், அன்றைக்குத்தான் பாட்டில் நாள்.

பாட்டில் நாளைத் தொடங்கி வைத்தது காத்தமுத்து. முன்பு ஒரு வருஷம் கப்பல் தாமதமாகி, பண்டிகை நேரத்தில் கடையில் பீர் தீர்ந்துபோனது. அந்த வயிற்றெரிச்சலில், கப்பல் சமையல்காரர் ஒருவரைப் பிடித்து மால்ட் டப்பாவும் ஈஸ்ட் பொட்டலமும் வரவழைத்து, வீட்டிலேயே காய்ச்சிப் புளிக்க வைத்துப் பார்த்தான். நன்றாக வந்துவிட்டது. பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்களா மற்றவர்கள்? அடுத்த வருஷமே போர்ட் குவார்ட்டர்ஸில் இன்னும் இரண்டு வீடு இதே வேலையாக இறங்கியது. கிறிஸ்துமஸ் அன்று ஒவ்வொரு வீட்டு பீரும் மற்ற வீடுகளுக்குப் பரிசாகப் போகும். போகுமுன் ஆளுக்கு ஒரு பாட்டிலைத் திறந்து, ஜம்புலிங்கம் ருசி பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும். காய்ச்சத் தெரியாத ஒரே ஆள் என்பதால் அவரை நீதிபதி ஆக்கினார்கள். நாக்கு சுத்தமான நாக்கு என்பதால் அதிலேயே நீடித்தார். ஜெட்டியில் முப்பது வருஷமாக அடுத்தவன் சொல்வதற்குக் கை தூக்கிய மனிதர். வருஷத்தில் ஒரு நாள் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நாலு பேர் நிற்பார்கள். அது அவருக்குப் பிடித்திருந்தது. அதில் என்ன தப்பு?

வினை வேறு இடத்திலிருந்து வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு காய்ச்சல் வந்து, போகும்போது அவருடைய மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மல்லிகைப்பூவும் கருவாடும் அவருக்கு ஒன்றுதான். நாக்கில் இனிப்பு தெரியும், கசப்பு தெரியும், புளிப்பு தெரியும், பீரின் சுறுசுறுப்பு தெரியும். வாசனை மட்டும் துடைத்து வைத்ததுபோல் இல்லை. திரும்பி வரலாம் என்றார் டாக்டர். அது வரவில்லை. விஷயம் அவர் மனைவி வைஜெயந்தி ஒருத்திக்குத்தான் தெரியும். பால் கெட்டுவிட்டதா, கேஸ் கசிகிறதா என்று அவருக்கும் சேர்த்து மோந்து பார்ப்பது அவள்தான்.

"வயசாயிருச்சு, இனிமே வேற ஆளைப் பாருங்கப்பான்னு சொல்லிட்டு வந்து படுங்க" என்றாள் அன்றும்.

"சொன்னா ஏன்னு கேப்பானுங்க."

"கேட்டா சொல்லுங்க. மூக்கு போனா மானமா போச்சு?"

அவர் சட்டையை மாட்டினார். மூக்கு போனதைச் சொல்வது பெரிய காரியமில்லை. எப்போது போனது என்று கேட்பார்களே, அதுதான் கஷ்டம். போன வருஷம் இதே நாளில் அவர் காத்தமுத்துவின் பீரைக் குடித்துவிட்டு, "உன் கையில வந்ததுலயே இதுதாண்டா பெஸ்ட். அந்த ஆரஞ்சுத் தோல் வாசனை இருக்கு பாரு, தூக்குது!" என்று சொல்லியிருந்தார். காத்தமுத்து எப்போதும் ஆரஞ்சுத் தோல் போடுவான், அதனால் சொன்னார். ஆடி மாதம் கல்லீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் வந்து பார்த்தவர்களிடமெல்லாம், "ஜம்பு அண்ணன் சொல்லிட்டாரு, ஆரஞ்சு வாசனை தூக்குதுன்னு" என்று காத்தமுத்து சொல்லிக்கொண்டிருந்தான். அதைச் சொல்லும்போதெல்லாம் அவன் முகம் மலரும். பிறகு செத்தும் போனான். பொய்யோ மெய்யோ, ஒரு நல்ல வார்த்தையை வைத்துக்கொண்டு போனான் என்பது ஒன்றுதான் ஜம்புலிங்கத்துக்கு ஆறுதல். அதை அவர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

வாசனை இல்லாமல் எப்படி நீதி சொன்னார் என்று கேட்கலாம். அதற்கு வழி இருந்தது. யாருடைய பாட்டில் என்று தெரியக்கூடாது என்பதற்காகப் பாட்டில்களைப் பழைய பேப்பரில் சுற்றி, ஆள் பார்க்காத நேரத்தில் ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். ஆனால் கேஸ் ஏறிக் கார்க் பிய்த்துக்கொண்டு போகாமல் இருக்கக் கழுத்தில் சணலால் இறுக்கிக் கட்ட வேண்டும். காய்ச்சுகிறவர்கள் எல்லாரும் ஜெட்டிக்காரர்கள். கயிறு பிடித்தே வளர்ந்த கைகள். ஆளுக்கு ஒரு முடிச்சு. பேப்பர் சுற்றத் தெரிந்த கெட்டிக்காரர்கள் யாரும் முடிச்சை யோசிக்கவில்லை. ஜெயமணி ஒன்றுக்கு இரண்டாகச் சுற்றிக் குட்டி வால் விடுவார், வெல்லம் போடுகிறவர். சந்திரமோகன் முடிச்சு முரட்டு முடிச்சு, இஞ்சியும் மிளகும் தட்டிப் போடுகிறவர். முடிச்சைப் பார்த்தால் ஆள் தெரியும், ஆள் தெரிந்தால் வாசனை தெரியும். கிரேனுக்குக் கீழே நிற்கிறவனுக்குக் கண்தானே முதல்.

சந்திரமோகன் வீட்டுப் பின்புறம், தண்ணீர் டாங்கிக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை. எதிரே துறைமுகம். அக்கரை பாம்பூஃப்ளாட்டுக்கான ஃபெரி படகு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. மணி நாலுதான், அதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. ஜெயமணி, சந்திரமோகன், எலக்ட்ரிகல் செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்து இந்த வருஷம் முதல் முறையாகக் காய்ச்சியிருந்த பிரவீன்குமார், எல்லாரும் வந்திருந்தார்கள். ஓரத்து நாற்காலியில் அழகம்மா இருந்தாள். காத்தமுத்துவின் மனைவி. காச்சல் தீவு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள். மார்ச்சுக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுத் வடக்கே திக்லிபூரில் இருக்கும் அக்கா வீட்டோடு போகப் போகிறாள். அவனுடைய காலி பாட்டில்களைக் கொடுத்துவிட்டுப் போக வந்திருக்கிறாள் போலும் என்று ஜம்புலிங்கம் நினைத்தார்.

"அரே அண்ணே, சலோ, ஷுரு கரோ" என்று ஆரம்பிக்கச் சொல்லிச் சந்திரமோகன் டம்ளரை நீட்டினார்.

முதல் பாட்டில், குட்டி வால். "வெல்லப்பாகு வாசனை கம்முனு இருக்கு. ஆனா இனிப்பு தூக்கல். பீரா பாயசமா?" சிரிப்பு. ஜெயமணி பெருமையாகத் தலை குனிந்தார். இரண்டாவது, முரட்டு முடிச்சு. "இஞ்சி மூக்குல ஏறுது. சளி பிடிச்சவனுக்குக் குடுக்கலாம்." மூன்றாவதில் முடிச்சே இல்லை, வயர் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டை. பிரவீன்குமார் தவிர யாராக இருக்க முடியும்? "சுத்தமா இருக்கு. இன்னும் ரெண்டு வாரம் விட்டிருக்கலாம்" என்றார். புதுசாகக் காய்ச்சுகிற எவனுக்கும் இது பொருந்தும்.

முடிந்தது என்று டம்ளரைக் கவிழ்க்கப் போனார். சந்திரமோகன் ஐஸ் பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்தார்.

"இது யாரோடது? நாலு இருக்கே!" என்று அவரே ஆச்சரியப்பட்டார்.

பேப்பரைப் பிரித்தவுடன் ஜம்புலிங்கத்தின் கண் பாட்டிலின் கழுத்துக்குப் போனது. மூன்று சுற்று, இடது பக்கம் செருகின நுனி. காத்தமுத்துவின் முடிச்சு. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் போட்டு வைத்த கடைசி பாட்டில், அழகம்மா பத்திரப்படுத்திக் கொண்டுவந்திருக்கிறாள். வேறென்ன? ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றினார்கள். ஜம்புலிங்கம் கண்ணை மூடிக் குடித்தார். நல்ல கசப்பு. சுறுசுறுவென்று ஏறியது. அவனை நினைத்துக்கொண்டார். அன்று முழுக்க இருந்த அசதியெல்லாம் சேர்ந்து கண்ணில் வந்து நின்றது.

"இது காத்தமுத்து கைடா" என்றார். "சந்தேகமே இல்ல. அதே ஆரஞ்சுத் தோல் வாசனை. போன வருஷம் மாதிரியே, தூக்குது."

ஜெயமணி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். சந்திரமோகன் ஃபெரியைப் பார்த்தார். பிரவீன்குமார் ஒருமுறை மோந்து, மறுபடியும் மோந்து, பொறுக்க முடியாமல் கேட்டே விட்டான்.

"அங்கிள், அடிப்பிடிச்ச வாடைல்ல அடிக்குது? சோறு தீஞ்ச மாதிரி?"

ஜம்புலிங்கம் டம்ளரைக் கீழே வைத்தார். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்தது. இனி எப்போதிருந்து என்று கேட்பார்கள். போன வருஷத்துக்குப் போவார்கள். அழகம்மா அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள்.

"அடிப்பிடிச்சதுதான் தம்பி" என்றாள் அழகம்மா. "அவரு கடைசியாப் போட்டது. ஒடம்பு முடியாம அடுப்பை விட்டுட்டாரு. செத்த மனுசனைக் குத்தம் சொல்ல வேணாமேன்னு அண்ணன் பார்க்கிறாரு. ஒங்களுக்கு அது வெளங்கல."

பிரவீன்குமார் நாக்கைக் கடித்துக்கொண்டான். "சாரி அங்கிள்" என்றான். சந்திரமோகன் அவன் முதுகில் ஒன்று வைத்தார். பிறகு பாட்டில்களைப் பங்கு பிரித்தார்கள், கேக் வந்தது, பேச்சு சம்பளக் கமிஷனுக்குப் போய்விட்டது. ஜம்புலிங்கம் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார். தப்பித்த சந்தோஷம் வருமென்று பார்த்தார், வரவில்லை.

குவார்ட்டர்ஸ் சரிவில் அழகம்மா அவரோடு நடந்து வந்தாள். அந்த நாலாவது பாட்டிலின் மிச்சம் அவள் கையில் இருந்தது. தென்னைக்குப் பக்கத்தில் இருந்த சிமெண்ட் கட்டையில் உட்கார்ந்தாள். அவரும் உட்கார்ந்தார். நடக்க முடியவில்லை, அதுதான் உண்மை.

"அது நான் போட்டதுண்ணே" என்றாள்.

"முடிச்சு அவன் முடிச்சாச்சே?"

"அவரு கார்க்கைப் புடிச்சுக்குவாரு. கட்டுறது எப்பவும் நாந்தான். தோட்டத்துல வெறகு கட்டுன கை."

மூக்கு போனதிலிருந்து யாருடைய கையைப் பார்த்து யாருடைய பீருக்கு நீதி சொன்னோம் என்று நினைத்தபோது அவருக்குச் சிரிப்புகூட வந்தது. அப்புறம்தான் உறைத்தது. "அப்படின்னா, கொட்டாயில ஏன் அவன் போட்டதுன்னு சொன்னே?"

"வேற என்னத்தைச் சொல்றது? ஒங்களுக்கு மோப்பம் இல்லைன்னு சொல்லவா?"

"அது உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் ஜம்புலிங்கம்.

"போன வருசம் ஆரஞ்சு கிடைக்கலண்ணே. கப்பல்ல வந்தது எல்லாம் அழுகிப் போச்சு. தோலே போடாமத்தான் எறக்குனாரு. நீங்க ஆரஞ்சு வாசம் தூக்குதுன்னீங்க. வீட்டுக்கு வந்து, அண்ணனுக்கு மூக்கு போயிருச்சு புள்ள, பாவம், யாருகிட்டயும் மூச்சு விடாதன்னாரு."

"ஆஸ்பத்திரியில எல்லார்கிட்டயும் சொன்னானே…"

"சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. சிரிச்சா வலிக்கும், அப்பயும் சிரிப்பாரு."

அந்த மலர்ந்த முகத்தை ஜம்புலிங்கம் இத்தனை மாதமாகப் பெருமை என்று நினைத்து வைத்திருந்தார். கேலி. கட்டிலில் கிடந்தபடி அவன் அவரைக் கேலி செய்திருக்கிறான், அதே வாயால் அவர் மானத்தையும் காப்பாற்றியிருக்கிறான். அவர் கொடுத்தது என்று ஒன்றுமே இல்லை. எல்லாம் அவன் கொடுத்தது. அவருக்கு அழுகை வரவில்லை. அலுப்பாக இருந்தது. ஒரு வருஷமாகத் தூக்கிச் சுமந்த சாமான் காலிப்பெட்டி என்று தெரிந்தால் வருகிற அலுப்பு.

"மோப்பம் இல்லைன்னு தெரிஞ்சும் ஏன் கொண்டாந்தே?"

அழகம்மா பாட்டிலை மூக்கருகே கொண்டுபோனாள். "நான் குடிக்கிறதில்ல. எனக்கு மோக்கத்தான் தெரியும். தீஞ்ச வாடையை நானே மோந்துட்டேன். நாக்குல எப்படி இருக்குன்னு சொல்ல வேற யாரு இருக்கா? அவரோடதை ஆரம்பத்துலருந்து குடிச்ச நாக்கு ஒங்களுதுதான். இந்த வாட்டி நெசமா சொல்லுங்க. அவரோடது மாதிரி இருக்கா?"

அவர் பாட்டிலை வாங்கி ஒரு வாய் குடித்தார். அவசரப்படாமல் நாக்கில் நிறுத்தி வைத்தார். மூக்கு போன பிறகு இப்படி நிதானித்துக் குடித்ததே இல்லை. முன்பக்கம் கசப்பு, அது சரி. நடுவில் காத்தமுத்துவுடையதில் ஒரு மெத்தென்ற இனிப்பு வந்து கசப்பைப் பிடித்துக்கொள்ளும். இதில் அது வரவில்லை. காத்திருந்தார். வரவே இல்லை.

"இல்ல தங்கச்சி" என்றார். "கேஸ் நல்லா நிக்குது. கசப்பும் குத்தமில்ல. ஆனா அவனோடது மாதிரி இல்ல. கொஞ்சம்கூட இல்ல."

அழகம்மா தலையை ஆட்டினாள். "எனக்கும் அப்படித்தான் தோணுச்சு" என்றாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். சாவு வீட்டில்கூட அவள் அப்படி அழுது அவர் பார்த்ததில்லை. ஜம்புலிங்கம் பக்கத்திலேயே உட்கார்ந்து, தீய்ந்த வாசனை தெரியாமல், பாட்டிலில் மிச்சமிருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து முடித்தார்.