மருந்து கலக்கியவள்

பதினோரு வருஷமாக அந்தச் சிவப்பு மருந்தை அவள்தான் கலந்துகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியின் மேல்தளத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் கையை மட்டும் நுழைத்து, இரண்டு ஜோடி கையுறை மாட்டிக்கொண்டு, புற்றுநோய் மருந்துகளை அளந்து ஊசிக்குழாயில் நிரப்பி, பெயர்ச்சீட்டு ஒட்டி அனுப்புவது அவள் வேலை. சிவப்பு மருந்து பார்க்க அழகாக இருக்கும். நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதை வெந்து புண்ணாகிவிடும்.

இன்று அந்தக் குழாயில் ஒட்டியிருந்தது அவள் பெயர்.

மார்பில் கட்டி என்று தெரிந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. நாற்காலியில் சாய்ந்து கையை நீட்டினாள். பக்கத்தில் பஸ் டிரைவரான கணவன்.

"கட்டியை அடிக்கட்டும். முடியையும் ஏன் கொட்ட வைக்குது, அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்றான்.

"அதுக்குக் கண்ணு கிடையாதுங்க. வேகமா பெருகுற செல் எல்லாத்தையும் அடிக்கும். கட்டியும் அப்படி, முடிவேரும் அப்படி, வாய், குடல், ரத்தம் ஊறுற இடம், எல்லாமே அப்படித்தான்."

"ஸ்பீடா போறவனெல்லாம் மாட்டுவான்னு சொல்லு."

சிரிப்பு வந்தது.

"நரம்பு சரியா இருக்கா பாரும்மா," என்றாள் நர்ஸிடம்.

"மூணாவது தடவை கேக்குறீங்க அக்கா. ரத்தம் திரும்பி வருது, ஊசி நரம்புக்குள்ளதான் இருக்கு, பாருங்க."

சிவப்பு கைக்குள் இறங்கி முடியும்வரை அவள் கண் இமைக்கவில்லை. எரியவில்லை, வீங்கவில்லை. ஆனாலும் பயம் விடவில்லை. ஒன்றும் தெரியாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

பத்தாம் நாள் சாயங்காலம் உடம்பு அனலாகக் கொதித்தது. கணவன் காய்ச்சல் மாத்திரையைப் பிரித்தான்.

"வேணாங்க! வெள்ளணு இறங்கியிருக்கும். சின்னக் கிருமி போதும், ஆளையே கொண்டுபோயிடும். கிளம்புங்க."

அறுபது பேரை ஏற்றிக்கொண்டு அலுங்காமல் ஓட்டுகிறவன், அன்று கார் சாவியை இரண்டு தடவை கீழே போட்டான். ஆஸ்பத்திரியில் நான்கு நாள் ஏற்றிய மருந்தில் காய்ச்சல் தணிந்தது.

சிவப்பு மருந்து நான்கு தவணையும் முடிந்தபோது தலையில் ஒரு முடி இல்லை. டாக்டரம்மா அடுத்த மருந்தைப் பற்றிச் சொன்னார்.

"உங்க கட்டியோட செல் மேல ஒரு புரதம் அளவுக்கு மீறி இருக்கு. அதுதான் பெருகு பெருகுன்னு விரட்டிக்கிட்டே இருக்கு. இந்த மருந்து அதைத் தேடிப்போய் ஒட்டிக்கிட்டு வாயை அடைக்கும். எல்லாத்தையும் போட்டு அடிக்காது. இதயத்தை மட்டும் அப்பப்ப பரிசோதிச்சுக்கணும்."

அவளுக்குத் தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் இன்னொருவர் வாயால் கேட்டபோது நெஞ்சு கொஞ்சம் லேசானது. சொட்டுச் சொட்டாக இறங்கத் தொடங்கிய மருந்தும் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது. கணவன் நிம்மதியாகச் செய்தித்தாளை விரித்தான்.

அரைமணி நேரம் கழித்து அவளுக்குக் குளிரெடுத்தது. போர்வை கேட்க வாயைத் திறந்தாள். பல் கிட்டிக்கொண்டு வார்த்தை வரவில்லை. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. மூச்சு பாதியில் நின்றது.

"அய்யோ, யாராவது வாங்களேன்!" கணவன் அலறினான்.

நர்ஸ் ஓடிவந்து மருந்து சொட்டுவதை நிறுத்தினாள். மூக்கில் ஆக்ஸிஜன், கையில் ஊசி, மேலே இரண்டு போர்வை. இத்தனை வருஷமும் மேல்தளத்தில் மருந்தைக் கலந்து அனுப்பியதோடு அவள் வேலை முடிந்துவிடும். அதன்பிறகு கீழ்த்தளத்தில் நடப்பதை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. இதோடு கதை முடிந்தது என்றே நினைத்தாள். கணவன் முகம் காகிதமாய் வெளுத்திருந்தது.

முக்கால் மணி நேரத்தில் நடுக்கம் அடங்கியது.

"முதல் தடவை சிலருக்கு இப்படி ஆகும்," என்றார் டாக்டரம்மா. "மெதுவா விட்டா பெரும்பாலும் திரும்ப வராது. ஆரம்பிக்கலாமா?"

"இன்னிக்கு வேணாம், வீட்டுக்குப் போயிடலாம்," என்றான் கணவன்.

அவளுக்கும் ஓடிவிட வேண்டும் போலத்தான் இருந்தது. கண்ணை மூடித் திறந்தாள்.

"மெதுவாவே மருந்தை விடுங்க டாக்டர். நர்ஸம்மா, நீ என் பக்கத்துலயே நில்லு. நகராதே."

நர்ஸ் நகரவில்லை. ஒவ்வொரு சொட்டுக்கும் நாற்காலியில் இருந்தவள் மூச்சைப் பிடித்தாள். கடைசிச் சொட்டு இறங்கியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. ஒன்றும் ஆகவில்லை.

மூன்று மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தார்கள். நெல்லிக்காய் அளவு இருந்த கட்டி பயறளவு சுருங்கியிருந்தது. மிச்சத்தை அறுத்து எடுக்கத் தேதி குறித்தார்கள். அந்தத் தெளிந்த மருந்து அதன்பிறகும் தொடருமாம்.

"கேட்டியா? சுருங்கிடுச்சாம்!" என்றான் கணவன், மாடிப்படி இறங்கும்போது.

தலையாட்டினாள். நாலு படி இறங்கியதும் நின்றாள். கைப்பிடியைப் பற்றிப் படியிலேயே உட்கார்ந்து, இத்தனை மாதத்தில் முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். அவன் ஸ்கேன் உறையை மடியில் வைத்துக்கொண்டு அவளை ஒட்டி உட்கார்ந்தான். ஏறி இறங்குகிறவர்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.