பிரிக்காத பக்கங்கள்

“மொதல்ல பழைய இங்கிலீஷ்காரனுங்க எழுதின பொருளாதாரத்தப் படி. அப்பாலதான் மார்க்சியம் மண்டையில ஏறும். முடிச்சிட்டு வா, ஒண்ணா குந்திகினு படிக்கலாம்” என்று ஜம்புலிங்கம் சொன்னது முப்பத்தெட்டாம் வருஷம். கரையான்சாவடியில் அவன் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் நாலு பேர் கூடிப் படித்தார்கள். ஐந்தாவது ஆளாக உட்கார எனக்குக் கொள்ளை ஆசை.

நானோ பள்ளிக்கூட வாத்தியார், சொன்னால் சொன்னபடி செய்கிற ரகம். முடிக்காமல் கரையான்சாவடிப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று வைராக்கியம் வேறு!

மூன்று தடிப் புத்தகங்கள், ஓர் அகராதி, நான். அயனம்பாக்கம் ஏரிக்கரையில் உட்கார்ந்து படிப்பேன். குத்தகை பற்றிய அத்தியாயம் மட்டும் ஆறு மாதம் என்னைப் பாடாய்ப் படுத்தியது. ஒருநாள் மதகோரத்து வயலையும் தண்ணீர் எட்டாத மேட்டு வயலையும் பார்த்துக்கொண்டிருந்தபோது சட்டென்று விளங்கியது. இரண்டிலும் ஒரே பாடு, மேட்டில் பாதி விளைச்சல். அந்த வித்தியாசத்தைத்தான் நிலக்காரர் குத்தகை என்று அள்ளிக்கொண்டு போகிறார்! “அடடா!” என்று கத்திவிட்டேன். சொல்லிக்கொள்ள ஒரு நாதியில்லை. மேய்ந்துகொண்டிருந்த எருமையிடம் சொன்னேன். அது தலையைக்கூடத் தூக்கவில்லை.

நாலு வருஷம் ஆனது. முடித்த அன்றே சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். ஜம்புலிங்கம் இப்போது ஆவடி ராணுவ முகாமுக்குக் காய்கறி காண்ட்ராக்ட். மாடி முழுக்க வெங்காய மூட்டை.

“முடிச்சிட்டேம்பா” என்றேன்.

“இன்னாத்த?”

சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். “அட நைனா! நெசமாவே படிச்சியா? எவனோ சொன்னான், நானும் சொன்னேன். எங்கள்ல ஒருத்தனும் அதத் தொடல.”

“அப்போ கூட்டம்?”

“அது கலைஞ்சி மூணு வருசம் ஆவுது. நாங்க படிச்ச மார்க்சியப் பொஸ்தகம் மூட்டைக்குப் பின்னால கீது. எத்துகினு போ.”

எடுத்து வந்தேன். சீமைப் புத்தகம், தாள்கள் ஓரத்தில் ஒட்டியே வரும், கத்தியால் பிரித்துத்தான் படிக்கவேண்டும். பதினாறாம் பக்கம் வரைதான் பிரித்திருந்தார்கள். அதற்குமேல் ஒரு கையும் படவில்லை.

பாவிகளா, உங்களோடு வந்து உட்காரத்தானே நாலு வருஷம் ஒண்டியாக உழைத்தேன்! அழுகை வந்தது. அழுதேன்.

மறுநாள் ஞாயிறு. பேனாக்கத்தியோடு ஏரிக்கரைக்குப் போய்ப் பதினேழாம் பக்கத்தைப் பிரித்தேன். எருமை மேய்ந்துகொண்டிருந்தது.

“ஆரம்பிக்கலாமா?” என்றேன்.