கிழித்த தாள்

...சீ, இதையா இத்தனை நாளும் உள்ளங்கையில் உருட்டி உருட்டிக் காட்டினோம் என்றிருந்தது அவனுக்கு, எஃகுத் தட்டில் ரத்தப் பிசுக்கோடு கிடந்தது அந்த ஈயக் குண்டு, கால்நடை மருத்துவர் "பூனை பொழைச்சுக்கும், பின்னங்கால்தான் சந்தேகம்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போயிருந்தார், ஏர் கன் குண்டுதான், கூர்மூக்கு, ஒடுங்கிய இடுப்பு, சந்தேகமே இல்லை, இந்த வட்டாரத்தில் அவன் வேலை பார்க்கிற விளையாட்டுச் சாமான் கடையில் மட்டும்தான் கிடைக்கும், 'இது காத்தைக் கிழிச்சிட்டுப் போகும் சார்' என்பானே, காற்றையா கிழித்தது... பக்கத்தில் மனைவி, பூனையைத் தூக்கிவந்த காலிக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு வைதுகொண்டிருந்தாள், "இதைப் புள்ளைங்க கையில குடுத்தவன் உருப்படுவானா? ஏங்க, பதினெட்டு ஆகாதவங்களுக்கு ஏர் கன் விக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?" சொன்னான்தான், சோற்றைப் பிசைந்துகொண்டே, நம்ம கடையில அதெல்லாம் கறார் என்று மார்தட்டி... உருப்படாதவன் தலையாட்டினான், வேறென்ன செய்வது, அவள் சாபம் குறி தப்பியதே இல்லை, அந்தத் துல்லியத்துக்கு ஏர் கன் கிட்டவே வராது.

கறார்தான், யார் இல்லையென்றது, வாங்குகிறவர் நிரப்பப் படிவம் உண்டு, அதில் 'யாருடைய உபயோகத்துக்கு' என்று ஒரு கேள்வியும் உண்டு, போன மாதம் பின்தெருக்காரர் மகளோடு வந்தார், யோக்கியமான மனுஷன், 'மகளுக்கு, வயது பதின்மூன்று' என்று குண்டு குண்டாக எழுதினார், இவன் என்ன செய்தான், பாலில் பல்லி விழுந்ததுபோலப் பதறி, தாளை நாலாகக் கிழித்துப் போட்டு, புதுத் தாளை நீட்டி, "'எனக்கு'ன்னு போடுங்க சார், சட்டமும் நோகாது, பாப்பாவும் அழாது..." அந்தப் பெண்தான் கேட்டது, "அப்பா, பொய்யா எழுதுறீங்க?" அதற்கு இவன் கண்ணடித்தான், தூ, ஒரு குழந்தையைப் பார்த்துக் கண்ணடித்திருக்கிறான், "சட்டத்துக்கு எழுதினது மட்டும்தாம்மா தெரியும்" என்று ஒரு தத்துவம் வேறு, பெரிய மேதை... நாக்கின் அடியில் கசந்தது, துப்பவும் இடமில்லை, சுவரெல்லாம் நாய்க்குட்டிப் படம். அந்தப் பெண்தான் சுட்டது என்று எப்படிச் சொல்வது, இந்த வருஷம் மட்டும் எத்தனை தாள் கிழித்தான், முப்பதா, நாற்பதா, கடையின் குப்பைக்கூடை நிறைய உண்மை, கோப்பு நிறையப் பொய், சோதனைக்கு வந்த அதிகாரி கோப்பைத்தானே புரட்டினார், "ஒரு அடித்தல் திருத்தல் இல்லையே" என்று மெச்சினார், இவனும் முப்பத்திரண்டு பல்லையும் காட்டினான்.

மருத்துவரின் உதவியாளப் பெண் ஒரு தாளோடு வந்தாள், "குண்டுக் காயம்னா போலீஸுக்குத் தெரிவிக்கணும் சார், இதை நிரப்பிக் குடுங்க." பூனை, பெண், மூன்று வயது, அதுவரை பேனா ஓடியது, பிறகு ஒரு கேள்வி, 'குண்டு எங்கிருந்து வந்ததென்று ஏதேனும் தெரியுமா', பேனா நின்றது, மனைவி எட்டிப் பார்த்தாள், எழுதினால் வேலை போகும், எழுதாவிட்டால் இவள் முகத்தில் எப்படி விழிப்பது... "என்னம்மா போடட்டும்?" என்று உதவியாளரைக் கேட்டான், கேட்ட பிறகுதான் உறைத்தது, கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று எல்லோரும் தன்னிடம் கேட்டது இதே கெஞ்சலில்தான். அவள் விநோதமாகப் பார்த்தாள்.

"தெரிஞ்சதைப் போடுங்க சார்."

இத்தனை வருஷத்தில் இந்த மூன்று வார்த்தையை அவன் ஒருவருக்கும் சொன்னதில்லை. பேனாவைத் தாளில் வைத்தான், 'நான்' என்று எழுதினான், அப்புறம்தான் பார்த்தான், இடது கை விரல்கள் தாளின் ஓரத்தை, கிழிப்பதற்கு வாகாக, எப்போதோ பிடித்துவிட்டிருந்தன...