போகச் சொன்ன இடம்

மனிதகுலத்தின் தலையெழுத்தையே மாற்றப்போகும் செய்தியொன்றை இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால்: நுண்துகள் ஆய்வகத்துக்கு மனசாட்சி வந்துவிட்டது. முழுநேரப் பணி, தனி மேசை, சுழலும் நாற்காலி.

மனசாட்சியின் பதவிப் பெயர் அற ஆலோசகர். உடம்புக்குள் மருந்து சுமந்துபோகும் துகள்களைச் செய்கிறவர்கள், அவற்றால் ஊருக்கு என்ன ஆகும் என்று யோசிப்பதற்கு உதவுவது அவர் வேலை. தத்துவம் படித்தவர் என்பதால் அதுவரை யாரும் அவரிடம் எதையும் கேட்டதில்லை. தலைமை விஞ்ஞானி அவருடைய தங்கையின் கணவர் என்பது நியமனத்துக்குத் தடையாக இருக்கவில்லை.

இயக்குநர் ஒரு பிரகடனம் எழுதியிருந்தார். ‘மானுடம்’ வராத பக்கமே அதில் கிடையாது. கடைசி வரி: ‘எங்கள் துகள்கள் போகச் சொன்ன இடத்தைத் தவிர வேறெங்கும் போகமாட்டா.’ அதன் கீழே விஞ்ஞானி கையெழுத்துப் போட்டால் மறுநாளே நோயாளிகளுக்கு ஊசி போட ஆரம்பிக்கலாம்.

“மாப்ளே, வேற எங்கயும் போகாதுன்னு எப்படித் தெரியும்?”

“எங்கயும் பார்த்ததில்லையே மச்சான்.”

“தேடினியா?”

“இல்லாததை எதுக்குத் தேடணும்?”

“நல்ல யோசனை. இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா என் மூக்குக்கண்ணாடி தொலைஞ்சே இருக்காது.”

விஞ்ஞானிக்குச் சுருக்கென்றது. நீல விளக்கை எடுத்தார். எலிக்குள் துகள்கள் எங்கே போகின்றன என்று பார்க்கிற விளக்கு அது. அந்த ஒளி பட்டால் அவை பச்சையாக மின்னும். “வாங்க, ஆசை தீரப் பாருங்க” என்று அறையை இருட்டாக்கினார்.

அறை கடலடியாயிற்று. மேசையெங்கும் பச்சைப் பொட்டுகள் மிதந்தன. “மேசைல இருக்கத்தான் செய்யும்” என்றார். கதவின் கைப்பிடி நிலாத்துண்டாக எரிந்தது.

“கையுறை போட்டுத்தானே மச்சான் வேலை செய்றோம்!”

“கழட்டிட்டா கதவைத் திறக்கிறீங்க?”

விஞ்ஞானி விளக்கைக் கைப்பிடிக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

“உறை உன் கையைக் காப்பாத்திடுச்சு. கதவைத்தான் யாரும் கேட்கலை.”

இருவரும் இருண்ட நடைக்கூடத்தில் சத்தமில்லாமல் மிதந்து போனார்கள். குழாய்த் திருகு, லிஃப்ட் பொத்தான், காபிக் கோப்பையின் விளிம்பு என்று போகிற வழியெல்லாம் விண்மீன்கள் உதித்தன. பிரகடனத்தின் அட்டையில், ‘மானுடம்’ என்ற சொல்லின் மேல், யாருடையதோ ஒரு கட்டைவிரல் ரேகை ஜொலித்தது. கொள்ளை அழகு. விஞ்ஞானி தன் கையை விளக்கடியில் நீட்டினார். விரலுக்கொரு மின்மினி.

“மச்சான்... மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். பாப்பாவைத் தூக்கினேன்.”

வீட்டில் திரைகளை இழுத்து மூடினார்கள். “மாமனும் அப்பனுமா சேர்ந்து என்ன கூத்து இது?” என்றாள் தங்கை. விளக்கு எரிந்தது. குழந்தையின் கன்னத்தில் அப்பாவின் விரல்கள் ஐந்தும் பச்சையாகப் பூத்திருந்தன. அதன் குட்டி முஷ்டியும் மின்னியது.

“ஐயோ, என் தங்கம் ஜொலிக்குது! எப்படிங்க செஞ்சீங்க?”

குழந்தை சிரித்தது. முஷ்டியை வாயில் வைத்துச் சப்பியது. திரும்ப எடுத்தபோது முஷ்டி இருட்டாக, சுத்தமாக இருந்தது.

“உள்ள போனா என்ன ஆகும் மாப்ளே?”

“எலிக்கு ஊசியிலதான் போட்டோம். வாய்வழியா... பார்க்கலை.”

குழந்தையை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். “இப்போதைக்கு நல்லாத்தான் இருக்கா. ஆனா இந்தத் துகளைப் பத்தி விவரம் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?” என்றார் டாக்டர்.

“நான்தான்” என்றார் விஞ்ஞானி.

மறுநாள் அவர் கையெழுத்துப் போடவில்லை. வாய்வழியாகப் போனால் என்ன ஆகும் என்று முதலிலிருந்து சோதிக்கப்போவதாகச் சொன்னார்.

“மானுடம் காத்திருக்கிறதே!” என்று இயக்குநர் பதறினார்.

“காத்திருக்கட்டும் சார். அதுவரைக்கும் கை கழுவட்டும்” என்றார் விஞ்ஞானி.

பிரகடனம் அலமாரிக்குள் போயிற்று. ஆய்வறைக் கதவருகே, கையுறையைக் கழற்றிப் போட ஒரு குப்பைக்கூடை வைத்திருக்கிறார்கள். தொட்டுத் திறக்க அதற்கு மூடி இல்லை.