ஆயுத பூஜைச் சட்டை

தொழிலாளர் அலுவலகத்து வராந்தாவில் ஜெகதீஸ்வரனைப் பார்த்ததும் பச்சமுத்து பெஞ்சிலிருந்து எழுந்து நின்றான். கும்பிடப் போய், இருக்கிற ஒரு கையோடு பாதியில் நின்றது கும்பிடு. "சாப்டீங்களாங்க மொதலாளி?" என்றான். வழக்குப் போட்டவன் கேட்கிற கேள்வியா இது? ஜெகதீஸ்வரன் செல்போனைக் காதில் வைத்து, யாரும் பேசாத போனுக்கு "ம்... ம்..." என்று சொல்லிக்கொண்டே தாண்டிப் போனார்.

சங்ககிரியில் அவருக்கு லாரி பாடி கட்டும் பட்டறை. போன மாசியில் டிப்பர் பாடியைத் தூக்கி நிறுத்தும்போது செயின் அறுந்து, பச்சமுத்துவின் வலது கை முழங்கைக்கு மேலே போய்விட்டது. செயின் தேய்ந்துபோச்சு என்று அவன் முன்பே சொல்லியிருந்தான். இந்த வண்டி டெலிவரி ஆகட்டும், பார்க்கலாம் என்றவர் இவர்தான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவரும் இவர்தான். அந்த வாரம் முழுக்க நல்ல மனுஷராகத்தான் இருந்தார். வக்கீல் பாலசுந்தரத்தைப் பார்த்துவிட்டு வந்த பிறகு ஆள் மாறிப்போனார்.

"தப்பு யாருதுங்கற பேச்சே இங்க இல்லீங்க. உங்ககிட்ட வேலை செஞ்சான்னு ஆயிட்டா, நட்டஈடு நீங்கதான் குடுக்கோணும். இன்சூரன்சும் நீங்க போடலை. நம்ம ஆளே இல்லீன்னு சொல்லீருங்க. வெல்டர் மாரியப்பனைச் சாட்சிக்கு வரச் சொல்லுங்க" என்று வக்கீல் சொல்லிக்கொடுத்திருந்தார்.

மாரியப்பன் பஸ் பிடித்து வந்து சேர்ந்தான். ஜெகதீஸ்வரனின் கண் அவன் சட்டையில் போய் நின்றது. இளநீலத்தில் சிவப்புக் கட்டம். பெஞ்சில் இருந்த பச்சமுத்து மேலும் அதே இளநீலம், அதே சிவப்புக் கட்டம். ஆயுத பூஜைக்குப் பட்டறை ஆட்கள் எல்லோருக்கும் ஈரோட்டில் ஒரே கட்டாகத் துணி எடுத்துத் தைத்துக் கொடுப்பது அவர் வழக்கம். மொத்தமாக எடுத்தால் விலையும் குறையும். பூஜையன்று எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் பார்த்துப் பூரித்துப்போவார்.

"ஏன்டா, வேற சட்டையே கெடைக்கலையா உனக்கு?"

"கவருமெண்டு ஆபீசாச்சுங்களே... நல்லதா இருக்கறது இதொண்ணுதானுங்க."

அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். "இவர எங்க பட்டறைல நான் பாத்ததே இல்லீங்க" என்றான் மாரியப்பன், தரையைப் பார்த்து. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். இந்தச் சட்டையைப் பார்த்தார், அந்தச் சட்டையைப் பார்த்தார். ஜெகதீஸ்வரனுக்கு மானம் கப்பலேறிவிட்டது.

"நீங்க சொல்லுங்க. இவர் உங்ககிட்ட வேலை செஞ்சாரா?" என்று ஜெகதீஸ்வரனைக் கேட்டார் அதிகாரி.

பச்சமுத்துவுக்கும் விஷயம் அப்போதுதான் புரிந்தது. நிமிர்ந்து நிற்க வேண்டியவன், தோளில் கிடந்த துண்டை இடது கையால் அவசரமாக இழுத்து நெஞ்சை மூடினான். நாலு பேர் முன்னால் முதலாளிக்குத் தலைகுனிவு வரக் கூடாதாம். ஜெகதீஸ்வரனுக்கு உடம்பெல்லாம் கூசியது. அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

பிடித்துக்கொள்ள இன்னொரு கை இல்லாமல் துண்டு நழுவிக் கீழே விழுந்தது. பக்கத்தில் நின்ற வக்கீல் இருமினார். அதிகாரி காத்திருந்தார். ஜெகதீஸ்வரன் குனிந்து துண்டை எடுத்தார், உதறினார். அதை நீளவாக்கில் மடித்து, சட்டையில் ஒரு கட்டம்கூட மறையாதபடி, பச்சமுத்துவின் தோளில் போட்டார்.