வழிமொழிவார் இல்லாத தீர்மானம்

கல்லணையின் மதகுகள் உயர்ந்து முப்பது நாளாகியிருந்தது. காவிரியாகவும் வெண்ணாறாகவும் புதுஆறாகவும் பிரிந்த நீர், ஆற்றிலிருந்து வாய்க்காலுக்கும் வாய்க்காலிலிருந்து மடைக்குமாக மெலிந்து மெலிந்து இறங்கிக் கடைசி வயலின் கடைசி மூலையையும் தொட்டு நின்றிருக்க, நட்ட குறுவைப் பயிர், புகுந்த வீட்டுக்கு வந்த பெண்ணைப் போலச் சிலநாள் வாடிக் கிடந்து, பின் வேர்பிடித்துத் தலைநிமிரத் தொடங்கிய ஆனித் திங்களின் முற்பகல் அது. தஞ்சை நகரின் தெற்கே, அந்நீர் எந்நாளும் ஏறிப் பாராத செம்மண் மேட்டில், வெயிலைத் தன் வெண்சுவர்களால் வாங்கி வருவோர் கண்ணிலேயே திருப்பி எறிந்தவாறு நிற்கிறது ஒரு பல்கலைக்கழகம். அதன் பெயர் நமக்கு வேண்டா; அதன் வழக்கங்கள் போதும்.

அவ்வழக்கங்களுள் தலையாயது, ஆசிரியரை இரு குடியாகப் பிரித்து வைத்தது. நிலையான ஆசிரியர் ஒரு குடி; ஆண்டுதோறும் விலகியதாகக் கையெழுத்திட்டு, ஆண்டுதோறும் புதிதாய்ச் சேர்ந்ததாகவும் கையெழுத்திடும் தொகுப்பூதிய ஆசிரியர் மற்றொரு குடி. கற்பிக்கும் பாடம் ஒன்றே, தொண்டைக்குள் இறங்கும் சுண்ணக்கட்டித் தூளும் ஒன்றே. ஆயினும் முன்னவள் பிள்ளை பெற்றால் ஊதியத்தோடு விடுப்பு, பின்னவள் பிள்ளை பெற்றால் பதினாறாம் நாளும் வராவிட்டால் வேலை இல்லை. இப்பின்னவர் அறுபத்து ஐவர். பல்லாண்டு கேட்டுக் கேட்டு ஆட்சிப்பேரவையில் ஓர் இருக்கை பெற்ற அவர்கள், அவ்விருக்கைக்குத் தேர்ந்து அனுப்பியவள் இயற்பியல் துறை மதிவதனி. பாபநாசத்தை அடுத்த சிற்றூரில் நடவு நடும் கூலிப்பெண்ணின் மகளாகப் பிறந்து, தன் வீட்டில் முதன்முதல் பட்டம் பெற்றவள் அவள். சொல்லைத் தேனில் தோய்த்து எடுக்கக் கற்றுத்தர அவ்வீட்டில் எவர்க்கும் பொழுது வாய்த்ததில்லை.

பேரவைக் கூடத்தின் வாயில்வரை அன்று அவளோடு வந்தவள் அதே துறையின் அனீஸா. அய்யம்பேட்டைக்காரி, ஏழு திங்கள் சுமப்பவள், ஆறாண்டாய் மதிவதனியோடு ஒரே பேருந்தில் வந்து போகிறவள்.

“மூணு மாடி ஏறி எறங்குறதுல, வயித்துல இருக்குறது இப்பவே எம்.எஸ்சி. முடிச்சிரும் போலருக்குடி,” என்றாள் அனீஸா, வாயிலுக்கு எதிரே கிடந்த பலகையில் மெல்ல அமர்ந்தவாறு.

“முடிக்கட்டும். அதுக்கும் தொகுப்பூதியத்துல ஒரு வேலை வாங்கித் தர்றேன்.”

“வாயக் கழுவுடி! உள்ள போயும் இப்படிப் பேசித் தொலைக்காத. அனுராதா மேடம் இருக்காங்க, பாத்துக்குவாங்க.”

பேரவையின் நெறிகளுள் இரண்டை இங்கே சொல்லியாக வேண்டும். தொகுப்பூதியர் சார்பில் அமர்ந்தவர் தீர்மானத்தை முன்மொழியலாம். ஆனால் நிலையான ஆசிரியர் ஒருவர் வழிமொழிந்தாலன்றி அது உயிர்பெறாது, அப்படியொன்று பேசப்பட்டதாகக்கூட ஏட்டில் ஏறாது. மற்றொன்று: ஒருமுறை நிறைவேறிய தீர்மானத்தின் பொருளை மூன்றாண்டுக்கு மீண்டும் எவரும் எடுத்தல் ஆகாது. மதிவதனியின் தீர்மானத்தை வழிமொழிவதாக ஒப்புக்கொண்டிருந்தவர் இயற்பியல் துறைத்தலைவர் அனுராதா.

நீண்ட மேசையின் தலைமாட்டில் துணைவேந்தரும் அருகே பதிவாளர் நெடுஞ்செழியனும் வீற்றிருக்க, கடைக்கோடி இருக்கையிலிருந்து எழுந்த மதிவதனி, நிலையான ஆசிரியர்க்கு உள்ளவாறே தொகுப்பூதிய ஆசிரியர்க்கும் ஊதியத்தோடு கூடிய பேறுகால விடுப்பு வழங்கப்படல் வேண்டும் என்று வாசித்து முடித்து, அனுராதாவைப் பார்த்தாள்.

அனுராதா எழுந்தார். “‘ஊதியத்தோடு’ங்கிற அந்த ஒரு சொல்ல மட்டும் எடுத்துருங்க, மதிவதனி. விடுப்பும் கெடைக்கும், வேலையும் போகாது. துணைவேந்தர்கிட்டயும் பேசிட்டேன். எடுத்தீங்கன்னா இப்பவே வழிமொழியுறேன்.”

“வாங்கிக்கம்மா,” என்றார் பதிவாளர், பந்தியில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைப்பவர் போல. “வர்றத யாராவது வேணாம்பாங்களா?”

மூன்றாண்டு! அரைகுறையாய் இதை ஏற்றுக்கொண்டால் ஊதியம் என்ற சொல்லை மூன்றாண்டுக்கு இக்கூடத்தில் எவளும் உச்சரிக்க முடியாது என்பது மதிவதனிக்குச் சட்டென்று விளங்கிற்று. அதனோடு, தன்னைப் பெற்ற பதினேழாம் நாள் தாய் அடிவயிற்றில் துணியை இறுக்கிக்கொண்டு சேற்றில் இறங்கிய செய்தியும், அதை ஊரார் ஒரு பெருமைபோல இன்றளவும் சொல்லிச் சிரிப்பதும் நெஞ்சில் எழ, கரை உடைத்த வாய்க்காலாய்ப் பாய்ந்தது அவள் சினம்.

“சம்பளமில்லாத லீவுதானே சார்? அது எங்கம்மாவுக்கே இருந்துச்சு. அதுக்கு வயல்ல யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதல.”

“அப்ப நீங்க கொண்டாந்தபடியே வெக்கிறீங்களா?” என்றார் துணைவேந்தர்.

“அப்படியேதான்.”

“வழிமொழிபவர்?”

ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். ஒருவர் கைப்பேசியில் வராத செய்தியைப் படித்தார். அனுராதா மேசையின் மரவரிகளைப் பார்த்தவாறு அமர்ந்தார். மூன்றுமுறை கேட்டபின் பதிவாளர் தாளைப் புரட்டி, “அடுத்து, விருந்தினர் இல்லத்துக்குத் திரைச்சீலை,” என்றார். அதற்கு வழிமொழிய நால்வர் கை உயர்த்தினர்.

தோற்றவளாக அன்றி, வளையாதவளாகவே வெளியே வந்தாள் மதிவதனி. ஆனால் செய்தி அவளுக்கு முன்பே வெளியேறியிருந்தது. பலகையில் அனீஸா இல்லை. பேருந்து நிறுத்தத்து வேம்பின் கீழ், பையை மடியில் அணைத்து உட்கார்ந்திருந்தாள்.

“நெசந்தானா? வேலை போகாதுன்னு சொன்னாங்களாமே. நீதான் வேணாம்னுட்டியாமே.”

“அத ஒத்துக்கிட்டா மூணு வருஷத்துக்கு மூடிருவானுங்க, அனீஸா. தீர்மானம் இப்ப செத்தாலும் மார்கழிக் கூட்டத்துல திரும்பக் கொண்டு வரலாம்.”

“மார்கழிக்கு எம்புள்ள குப்புற விழ ஆரம்பிச்சிரும்.” அனீஸாவின் குரல் உயரவில்லை. “அவரு ரெண்டு வருஷமா குவைத்துக்கு வா, குவைத்துக்கு வான்னு கூப்புடுறாரு. எனக்கு வேலை இருக்குன்னு இந்த ஒத்தக் காரணத்தச் சொல்லித்தான் நின்னுக்கிட்டு இருக்கேன். சம்பளம் இல்லாட்டி என்னடி, திரும்பி வர ஒரு எடம் இருந்திருக்கும்ல? நீ சொல்றது சரியாவே இருக்கட்டும். வாசல்லதானே ஒக்காந்திருந்தேன். என்னைய ஒரு வார்த்தை கேட்டியா?”

கூடத்தின் கதவுக்கும் அந்தப் பலகைக்கும் இருபது அடி. சற்றே பொறுங்கள் என்று சொல்லி மதிவதனி எழுந்து வந்து கேட்டிருக்கலாம். உரியவரைக் கேளாமல் எதையும் முடிவு செய்கிறார்கள் என்று எவரைக் குற்றம் சாட்டி அந்த இருக்கைக்குப் போனாளோ, அவர்கள் செய்வதையே அங்கே அமர்ந்த முதல் நாளில் அவளும் செய்திருந்தாள்.

ஆடி முடிவதற்குள் அனீஸா விலகினாள். பெண் குழந்தை பிறந்த செய்தி பிறர் வழியாக வந்தது. குழந்தையோடு கடல் கடந்த செய்தியும் அவ்வாறே. அறுபத்து மூவரும் தனியே காணும்போது “நல்லாக் கேட்டீங்க மேடம்” என்று தாழ்குரலில் புகழ்ந்துவிட்டு, துணைவேந்தர் அறையின் பலகணிக்கு நேரே வந்ததும் இரண்டடி தள்ளி நடந்தனர். உணவு வேளையில் அவள் அமர்ந்த மேசை மெல்ல மெல்லக் காலியானது. பகையென்று சொல்ல அங்கே எதுவுமில்லை. பகைவனாவது எதிரே வந்து உட்காருவான். அய்யம்பேட்டை நிறுத்தத்தில் பேருந்து நின்று புறப்படும் அந்த அரை நிமிடத்தில், குடமுருட்டி ஆற்றின் காற்று முழுதாய் உள்ளே வந்து, யாரையும் காணாமல் மறுபக்கப் பலகணி வழியே வெளியேறும்.

மார்கழிக் கூட்டத்தில் அதே தீர்மானத்தை, ஒரு சொல்லும் குறையாமல், அவள் மீண்டும் வாசித்தாள். “வழிமொழிகிறேன்,” என்றார் அனுராதா, கேட்கும் முன்பே. தைத் திங்கள் கடைசியில் அவர் ஓய்வு பெறவிருந்தார். இழக்க ஒன்றும் இல்லாத நாளில் வரும் துணிவும் துணிவே, ஆறு திங்கள் பிந்தி வந்தது என்பதைத் தவிர. துணைவேந்தர் தம் பழைய தோழியோடு வழியனுப்பும் வேளையில் மல்லுக்கட்ட விரும்பவில்லை. தீர்மானம் நிறைவேறிற்று, ஏட்டிலும் ஏறிற்று. அறுபத்து மூவரும் வெளியே போண்டாவும் காப்பியும் வரவழைத்துக் கைதட்டினர்.

மாசியில் ஒருநாள், அனீஸாவின் இடத்தில் தை பிறந்தபின் வந்து சேர்ந்த பேராவூரணிப் பெண் தையல்நாயகி, நாணத்தோடு ஒரு தாளை நீட்டினாள். புது நெறியின்கீழ் வந்த முதல் விண்ணப்பம் அது.

“இதுல நீங்க ஒரு கையெழுத்துப் போடணுமாம் மேடம். நல்ல வேளைங்க, இங்க இந்த லீவெல்லாம் இருக்கு. மொதல்லேருந்தே உண்டுங்களா?”

“இல்ல. இப்பத்தான் வந்துச்சு.”

“யாருங்க வாங்கிக் குடுத்தது?”

மதிவதனி பேனாவின் மூடியைக் கழற்றினாள். “உங்களுக்கு முன்னாடி இந்தப் பாடத்த எடுத்தவங்க. அனீஸான்னு பேரு.”

“நல்லாருக்கணும்ங்க அவங்க. இப்ப எங்க இருக்காங்க?”

“தூரத்துல,” என்று சொல்லிக் கையெழுத்திட்டாள் மதிவதனி.

பலர்க்கென்று கேட்கப்படும் உரிமை, பெரும்பாலும் ஒருத்தியின் வாழ்விலிருந்தே தன் விலையை எடுத்துக்கொள்கிறது. எடுக்குமுன் அவளைக் கேட்டுவிடுவது அறத்தின் முதற்படி. அந்தப் படியைத் தாண்டிக் குதித்தவளும் மேலே ஏறிவிடலாம். ஏறியபின் அங்கே அவளோடு பேச எவரும் இருப்பதில்லை. தையல்நாயகி தாளை வாங்கி மடித்துக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பற்றியவாறு, ஒவ்வொரு படியாய்க் கவனமாகக் கீழே இறங்கிப் போனாள்.