வாசலைப் பார்த்த கெண்டி

ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியைப் படகுத்துறை டீக்கடை வாசலில் நிறுத்தியபோது கியோக்குக்கு மூச்சு வாங்கியது. வண்டி நிறையக் கரும்புச் சோகை. அதற்கு அடியில் அவள் புருஷன் தெங், கால் முறிந்து, காய்ச்சலில் கொதித்துக்கொண்டு கிடந்தான். வாய்க்கால் தண்ணீருக்காகப் பெரிய குலத்து ஆட்களை எதிர்த்துப் பேசிவிட்டான், அவ்வளவுதான் குற்றம். சீன தேசத்துச் சாங்சௌ சீமையில் சின்னக் குலத்தான் கை ஓங்கினால் கொலைபாதகம், பெரிய குலத்தான் கொன்றே போட்டாலும் நியாயம்! தங்கள் முன்னோர் மண்டபத்தில் கட்டிவைத்து அடிக்க அவனைத் தேடி ஆட்கள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்கள். அக்கரை போய்விட்டால் பிழைத்துக்கொள்வான்.

படகுக்காரன் போ, உள்ளே வேர்க்கடலை மென்றுகொண்டிருந்தான்.

"அண்ணே, இப்பவே படகை எடுக்கணும்."

"தண்ணி ஏறட்டும் தங்கச்சி, சாயங்காலம் பாப்போம். சோகைக்கு என்ன இவ்வளவு அவசரம்? பேரரசர் வீட்டு மாடு பட்டினியா கெடக்குதா?"

கடையே சிரித்தது.

நினைவு தப்புமுன் தெங் ஒன்று சொல்லியிருந்தான்: "துறைக் கடைல மூணு விரலால கோப்பையை எடு. நம்ம ஆளுங்க இருப்பாங்க." சேவல் ரத்தம் குடித்து, சத்தியம் செய்து அண்ணன் தம்பி ஆனவர்களாம். அரசாங்கத்துக்குத் தெரிந்தால் தலை போகும். இவனும் அதில் ஒருத்தன் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும். வாய்க்கால் மேட்டில் வாய் கிழியப் பேசிய மனுஷன், இதை மட்டும் பாதியில் விட்டு மயங்கிவிட்டான் பாருங்கள்!

பெஞ்சில் உட்கார்ந்து டீ வாங்கி, மூன்று விரலால் கோப்பையை எடுத்தாள். யாரும் திரும்பவில்லை. பொம்பளை கையை எவன் பார்க்கிறான்? மறுபடியும் எடுத்தாள். விரல் சுட்டதுதான் மிச்சம்.

"கல்நெஞ்சுக்காரங்களா!" என்று கோப்பையைக் கவிழ்த்துவிட்டு, டீக் கெண்டியை வெடுக்கென்று தள்ளினாள். அது சுழன்று வாசல் பக்கம் மூக்கை நீட்டி நின்றது.

சிரிப்பு சட்டென்று நின்றது. பெஞ்சுகள் சரிந்தன. மூலையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த கூலியாள்கூட மூங்கில் கழியோடு எழுந்து நின்றான்.

"எத்தனை பேரு வர்றாங்க?" என்றான் போ, மெதுவாக.

"ஐயையோ, நான் என்ன பண்ணிட்டேன்?"

"கோப்பை கவுந்து கெண்டி வாசலைப் பாத்தா சண்டைக்குக் கூப்புடறதுன்னு அர்த்தம். யாரு சொல்லிக் குடுத்தா?"

"சண்டையும் வேணாம், ஒண்ணும் வேணாம்ணே! படகுதான் வேணும்!" ஓடிப்போய்ச் சோகையை விலக்கிக் காட்டினாள். "அவரு மூணு விரல் மட்டுந்தான் சொன்னாரு. மிச்சமெல்லாம் என் கோவம்."

யாரோ ஒருத்தனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. போ சிரிக்கவில்லை. "தண்ணி ஏறலேன்னா என்ன, சேத்துல தள்ளிட்டுப் போவோம். தூக்குங்கடா!"

படகு சேற்றில் பாதி தூரம் போயிருக்கும், பெரிய குலத்து ஆட்கள் வந்துவிட்டார்கள். கரையில் கூலியாட்கள் கழிகளோடு வரிசை கட்டி நின்றிருந்தார்கள்.

"அவனை எறக்குங்கடா!"

"எவனை? வெயில்ல வந்திருக்கீங்க, உக்காந்து ஒரு வாய் டீ குடிங்க" என்றான் குறட்டைக்காரன்.

வந்தவர்களின் தலைவன் கழிகளை ஒரு பார்வை பார்த்தான். காறித் துப்பிவிட்டுத் திரும்பிப் போனான்.

"பயந்துட்டானுங்கண்ணே!" என்றான் துடுப்புப் போட்ட ஒருத்தன். "இப்படியே துறைக்கு வர்றவன் போறவன்கிட்டல்லாம் காவல் காசு வாங்கினா என்ன?"

"வாயை மூடிட்டுத் துடுப்பைப் போடு. காசுக்காடா சத்தியம் பண்ணினோம்?"

கியோக் தெங்கின் தலையை மடியில் வைத்திருந்தாள். "நாங்க எந்தக் குலம்னு யாருமே கேக்கலையேண்ணே?" பிறந்ததிலிருந்து அந்தக் கேள்வி கேட்காத ஓர் ஆளை அவள் பார்த்ததில்லை.

"கேட்டா, தூக்கலாமா வேணாமான்னு யோசிக்கணும். அதுக்குள்ள உன் புருஷன் கால் அழுகிடும்."

அக்கரையில் மீன்கூடை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் தண்ணீரில் இறங்கி வந்து தெங்கைக் கைகளில் தாங்கிக்கொண்டார்கள். "யாருண்ணே இவங்க?" என்றான் ஒருத்தன்.

"நம்ம வீட்டாளுங்க" என்றான் போ.

அன்று காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத கியோக், அப்படியே சேற்றில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.